ஸ்டேஷன்ல வக்கீலுக்கு என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு

மறுபடியும் ஒரு ஜூனியர் வக்கீல். ராத்திரி கட்சிக்காரரை (அவர்கிட்ட கேஸ் குடுத்தவரை) பாக்க ஸ்டேஷனுக்குப் போன பையன சட்டையப் பிடிச்சு வெளிய தள்ளி, முழங்கைல லத்தியால ஒண்ணு போட்டிருக்காங்க. கேட்டா "உனக்கு இங்க என்னய்யா வேலை, கோர்ட்ல போய் பேசு"ன்னாங்களாம்.

இந்த வசனத்தக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. போலீஸ் சொன்னாக்கூட பரவால்ல, படிச்சவங்க, ஏன் சில புது வக்கீலுங்களே இதத்தான் நம்புறாங்க. கைதானவர் தனக்கு வேணுங்கற வக்கீலைக் கலந்து பேசலாம்னு அரசியல் சாசனம் 22(1)ல இருக்கு. போலீஸ் விசாரணை நடக்கறப்பவே வக்கீலைப் பாக்கலாம்னு புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ் 38ல இருக்கு, அதுக்கு முந்தின சட்டமான சிஆர்பிசில 41டி. விசாரணை முடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருக்கற உரிமை கிடையாது, அதையும் சொல்லிடறேன், உள்ள போய் சவுண்ட் விடாதீங்க. ஆனா பாக்கவே விடமாட்டேன்னு சொல்ல எந்த எஸ்ஐக்கும் அதிகாரம் இல்ல.

"வக்கீலுங்க மட்டும் யோக்கியமா?"ன்னு அடுத்து வருவீங்க. சரி, 2009 பிப்ரவரி 19 சென்னை ஐகோர்ட்ல வக்கீலுங்களுக்கும் போலீஸுக்கும் நடந்த மோதலையே எடுத்துக்குவோம். ரெண்டு நாள் முன்னாடி கோர்ட் ஹாலுக்குள்ள முட்டை வீசினது தப்பு, 19ந் தேதி வளாகத்துல இருந்த போலீஸ் ஸ்டேஷனக் கொளுத்தினதும் தப்பு, செஞ்சவன் மேல கேஸ் போடு, உள்ள வை, யார் வேண்டாங்கறா. லத்தி ஆள் பாத்தா விழுந்துச்சு? நீதிபதிக்கே காயம், சும்மா நின்ன வண்டிங்கள எல்லாம் உடைச்சாங்க. தண்டனை குடுக்கறது கோர்ட் வேலை, லத்தியோட வேலை இல்ல. (நாம வக்கீலுங்க உடனே கோர்ட் புறக்கணிப்புன்னு கெளம்பிடறோம், அதுல ஜாமீன் தள்ளிப்போறது கட்சிக்காரனுக்கு, அது தனிக் கதை.)

ஜூனியர்களுக்கு: ராத்திரி தனியா போகாதீங்க. ஐடி கார்டு கைல இருக்கட்டும். கோவத்துல கைய ஓங்கினா பிஎன்எஸ் (புது தண்டனைச் சட்டம்) 132, அதாவது அரசு ஊழியரை வேலை செய்யவிடாம தாக்கினதா கேஸ், ரெடியா இருக்கும், உங்க மேலயே.

அடி பட்டா அன்னைக்கே ஜிஎச் போங்க. போலீஸ் அடிச்சாங்கன்னு டாக்டர்கிட்ட வாயத் திறந்து சொல்லுங்க, ஏஆர் காப்பில (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) "கீழே விழுந்ததாக"ன்னு ஏறிட்டா அந்த ஒரு வரிய வெச்சே கேஸ முடிச்சிடுவாங்க. ஸ்டேஷன் சிசிடிவி பதிவ 18 மாசம், முடியாட்டி குறைஞ்சது ஒரு வருஷம் வெச்சிருக்கணும்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அந்த வாரமே மனு குடுங்க. "கேமரா ரிப்பேர்"னா அதையும் எழுத்துல வாங்குங்க.

கட்சிக்காரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. ரிமாண்டுக்கு நிறுத்தறப்ப மாஜிஸ்திரேட் "அடிச்சாங்களா?"ன்னு கேப்பாரு, பக்கத்துல நிக்கற போலீஸப் பாத்துட்டு இல்லன்னு தலையாட்டிடாதீங்க, தயவுசெஞ்சு.