பவுடர் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அக்கா

போன தை மாதம் சேலம் அம்மாபேட்டையில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மாவுக்கு 56 வயது. விடியற்காலை நாலரை மணிக்கு உட்கார வைத்து, ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்து மேக்கப் போட்டு முடித்தேன். பிரஷ்களைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவதற்குள் அவர் கைப்பையில் இருந்த பவுடர் டப்பாவை எடுத்து, கைக்குட்டையில் கொட்டி, முகம் முழுக்க ஒற்றி முடித்திருந்தார். "எண்ணெய் வழியறாப்ல இருந்துச்சு கண்ணு, அதான்" என்றார். எண்ணெய் இல்லை, நான் மெனக்கெட்டு வரவழைத்த மினுமினுப்பு அது. ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குக் கீழே வலை பின்னினாற்போல வெள்ளைக் கோடுகள். மூக்கோரத்திலிருந்து வாய் வரை சாக்பீஸால் இழுத்த மாதிரி இரண்டு பக்கமும் இரண்டு கோடுகள்.

முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட நேரமில்லை. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதில் ஒரு சொட்டு மாய்ஸ்சரைசர் விட்டு, கோடு விழுந்த இடங்களில் மட்டும் அமுக்கி அமுக்கி எடுத்தேன். தேய்க்கவில்லை. தேய்த்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து உருண்டு வந்துவிடும். ஓரளவு தேறியது. உங்கள் வீட்டு விசேஷத்தில் இப்படி ஆனாலும் இதையே செய்யலாம்.

அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். இன்று 50, 60 வயதில் இருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு மேக்கப் என்றாலே முகம் கழுவி, பவுடர் அடித்து, பொட்டு வைத்துக்கொள்வதுதான். சேலத்து வெயிலில் பஸ் ஏறி வேலைக்குப் போன காலத்தில் அது சரியாகவும் இருந்தது. முகத்தில் எண்ணெய் சுரந்தது, பவுடர் அதை உறிஞ்சிக்கொண்டது. மாதவிலக்கு நின்ற பிறகு அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைய, எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. தோலுக்கு விறைப்பைத் தரும் கொலாஜன் முதல் ஐந்து வருடத்திலேயே கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தோல் மெலிந்து, ஈரம் வற்றி, கோடு விழுகிறது. உறிஞ்ச எண்ணெய் இல்லாத முகத்தில் பவுடர் என்ன செய்யும்? பள்ளம் பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் என்னிடம் வருகிற 50 தாண்டிய யாருக்கும் முதல் கால் மணி நேரம் நான் நிறம் எதையும் கையில் எடுப்பதே இல்லை. முகத்தைத் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போட்டு, சும்மா உட்காரச் சொல்லிவிடுவேன். ஃபேனை நிறுத்திவிடுவேன். பத்து நிமிடம் கழித்து டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஃபவுண்டேஷன், அதாவது முகத்தின் நிறத்தைச் சமன்படுத்தும் அடிப்பூச்சு. அதுவும் பழைய எட்டணா அளவுதான் முகம் முழுமைக்கும். மூக்குப் பக்கம், கன்னத்தின் நடு, தாடை என்று நிறம் மாறியிருக்கும் இடத்தில் வைத்து, ஈர ஸ்பாஞ்சால் வெளிப்பக்கமாக அமுக்கிக்கொண்டே போனால் காதுக்குப் பக்கத்தில் வரும்போது ஒன்றுமே மிஞ்சாது. மிஞ்சக் கூடாது. கண்ணோரச் சுருக்கத்தில் ஃபவுண்டேஷனே வேண்டாம். சிரித்தால் அங்கேதான் முதலில் வெடிக்கும். பவுடர் போட்டே ஆக வேண்டும் என்றால் மூக்கின் இரண்டு பக்கமும், நெற்றி நடுவிலும் சின்ன பிரஷ்ஷால் தொட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'எச்.டி. மேக்கப்' என்று தனி ரேட் சொன்னால் என்ன பவுடர் என்று கேளுங்கள். அந்தப் பெயரில் விற்கும் வெள்ளைப் பவுடர்கள் பலவற்றில் இருப்பது சிலிகா. நேரில் தெரியாது, ஃப்ளாஷ் அடித்ததும் கண்ணுக்குக் கீழே மாவு பூசியது போல ஆல்பத்தில் நிரந்தரமாக இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட் கல்யாணம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வாந்தி வராமல் போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, கீழே சேலத்தில் வேர்வைக்குப் பயந்து போடுகிற அதே மேட் (பளபளப்பு இல்லாத) ஃபவுண்டேஷன், அதே பவுடர், மேலே மேக்கப் கலையாமல் இருக்கச் செட்டிங் ஸ்பிரே. மலைக்காற்று வேறு என்பது மண்டையில் உறைக்கவில்லை. ஒன்பது மணிக்குள் கன்னத்தில் தோல் உரிந்தது போல வரிவரியாக வெடித்துவிட்டது. அந்தம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, "குளுருக்கு அப்படித்தான்மா ஆகும்" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போது மலைக்குப் போனால் க்ரீம் மாதிரி இருப்பவை மட்டும்தான் பெட்டியில் போகும். கூடவே சன்ஸ்க்ரீன். குளிராக இருக்கிறதே என்று அதை விட்டுவிடுகிறார்கள். உயரம் 1000 மீட்டர் கூடக் கூட புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். மங்கு இருப்பவர்கள் அங்கே இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தால் கன்னம் ஒரு சுற்று கறுத்துப்போயிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி, முகம் கழுத்து இரண்டுக்கும். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

கருவளையத்துக்கு வருகிறேன், அதிகம் பேர் கேட்பது அதைத்தான். நம் நிறத்துக்குக் கண்ணடியில் வருகிற கறுப்பு நீலமும் பழுப்பும் கலந்தது. அதன் மேல் நேரடியாக வெளிறிய கன்சீலரை, அதாவது கறையை மறைக்கும் க்ரீமைப் பூசினால் சாம்பல் அப்பியது போல ஆகும். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரை, மாநிறத்துக்குக் கீழே என்றால் கொஞ்சம் அடர்ந்த ஆரஞ்சை, மோதிர விரலால் தொட்டு வையுங்கள். அளவு ஒரு அரிசி, அவ்வளவுதான். அது கறுப்பை அடக்கிவிடும். அதற்கு மேல் உங்கள் நிறத்துக் கன்சீலர் இன்னொரு அரிசி. யூடியூபில் காட்டுகிற மாதிரி கன்னம் வரை முக்கோணம் போட வேண்டாம், அது இருபது வயதுத் தோலுக்கு. போட்டதும் மேலே விட்டத்தைப் பாருங்கள். கோட்டில் தேங்கியது தெரியும். விரலால் தட்டி விடுங்கள்.

மற்றதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம். கன்னத்துக்குச் சிவப்புத் தரும் பிளஷ் போடச் சிரிக்கச் சொல்வார்கள், சிரிக்காதீர்கள். சிரிக்கும்போது மேலே ஏறும் கன்னம், சிரிப்பு நின்றதும் இறங்கிவிடும், நிறமும் கூடவே இறங்கி முகம் தொங்கினாற்போலக் காட்டும். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, கன்ன எலும்புக்கு மேல், காதின் மேல்முனையை நோக்கி இழுங்கள். புருவத்துக்குக் கறுப்புப் பென்சில் வேண்டாம், பழுப்பு போதும். பல வருடம் த்ரெட்டிங் செய்தே புருவத்தின் வால் போனவர்கள் நிறைய. ஆனால் வெளிப்பக்கம் மட்டும் திடீரென்று உதிர்ந்தால் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கண்ணிமையில் ஜிகினா சுருக்கத்தைப் பெரிதாக்கும். கீழிமையில் அடர்த்தியாக மை தீட்டினால் கண் சின்னதாகும், மத்தியானத்துக்குள் வழியவும் செய்யும். ஆனால் கீழே மை வைக்காமல் எந்த அக்காவும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்பதால், வெளி ஓரத்தில் மட்டும் ஒரு கோடு என்று சமாதானம் செய்துகொள்வோம். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு விசேஷத்தில் நிற்பவரானால் அந்தக் கண்ணாடி கண்ணையும் பெரிதாகக் காட்டும், கண் மேக்கப்பில் உள்ள பிசிறையும் பெரிதாகக் காட்டும். கண்புரை ஆபரேஷன் செய்திருந்தால் டாக்டர் சொல்லும் வரை கண்ணுக்கு எதுவுமே வேண்டாம். உதட்டுக்கு அடர் மெரூனை விட்டுவிட்டு செங்கல் நிறம், ரோஜா நிறம் பாருங்கள். வயதாக ஆக உதடு மெலிகிறது, அடர் நிறம் அதை இன்னும் மெலிதாக்கும்.

தாடையில் முளைக்கிற முடியைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் எல்லோர் குரலும் இறங்கிவிடுகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை, ஹார்மோன் மாற்றத்தில் நிறையப் பேருக்கு வருவதுதான். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் த்ரெட்டிங் செய்துவிட்டால் ஃபவுண்டேஷன் அதில் ஒட்டித் திரளாது. ஆனால் சுருக்கத்துக்கென்று ரெட்டினால் கலந்த க்ரீம் போடுகிறவர்கள் முகத்துக்கு வாக்ஸிங் செய்யவே கூடாது; முடியோடு தோலும் கழன்று வரும். பார்லரில் அவர்களாகக் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

ஃபவுண்டேஷன் வாங்கும்போது கையில் தடவிப் பார்க்காதீர்கள். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காணாமல் போகிற நிறம்தான் உங்கள் நிறம். தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்கள், முக்கியமாக ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருக்கும் அக்காமார், மஞ்சளோடு வந்து ஷேடு பார்த்தால் நிச்சயம் தப்பாகத்தான் அமையும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து 52 வயது அக்கா ஒருவர் மகள் நிச்சயதார்த்தத்துக்கு டிரையல் பார்க்க வந்தார். கன்னம் இரண்டும் சிவந்து, மெல்லிய நரம்புகள் சிலந்தி நூல் மாதிரித் தெரிந்தன. பஞ்சால் தண்ணீர் தொட்டதற்கே "எரியுது" என்றார். ஆறு வருடமாக ஒரு 'வெள்ளையாகும்' க்ரீம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி. மறுநாள் ட்யூபை எடுத்து வரச் சொல்லிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்: மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். முதலாவது ஸ்டீராய்டு. டாக்டர் சொன்ன சில வாரங்களுக்குப் போட வேண்டியதை ஆறு வருடம் போட்டிருக்கிறார். ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டும் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்ற பெயர்களும் இதே குடும்பம். இதையெல்லாம் சட்டென்று நிறுத்தினாலும் முகம் கொப்பளித்துவிடும், தோல் டாக்டர் பார்த்துத்தான் படிப்படியாக நிறுத்த வேண்டும். அன்று அவருக்கு நான் மேக்கப் போடவில்லை, ஜி.எச். தோல் பிரிவுக்கு அனுப்பினேன். கோபித்துக்கொண்டுதான் போனார்.

உள்ளே என்ன இருக்கிறது, யார் தயாரித்தது என்றே போடாத டப்பா என்றால் இன்னும் மோசம். கேரளத்தில் மலப்புரம் பக்கம் 2023-ல் சிறுநீரகம் பாதித்து வந்த பலர் பாதரசம் கலந்த இந்த மாதிரி க்ரீம்களைப் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தோலில் பூசுவது தோலோடு நிற்பதில்லை.

ஸ்டிக்கர் பொட்டையும் கவனியுங்கள். அதன் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் சிலருக்குப் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் அரிப்பைத் தந்து, பிறகு வெள்ளையாக்கிவிடும். முதலில் அரிக்கிறபோதே நிறுத்திவிடுங்கள். வெள்ளை தெரிந்த பிறகு அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் அழகாபுரத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம். இதற்கு மேக்கப் போடப் போகிற தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: கலச அபிஷேகத்தில் தலையோடு தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் தடவை அது தெரியாமல் முழு மேக்கப் போட்டுவிட்டு, அது கழுத்து வழியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். இப்போது அபிஷேகத்துக்கு முன் வெறும் மாய்ஸ்சரைசரும் மஞ்சளும் குங்குமமும்தான். ஈரப் புடவை மாற்றி, அடுத்த புடவை கட்டி, மாங்கல்ய தாரணத்துக்கு மனைக்குத் திரும்ப 20 நிமிடம் கிடைக்கும். அதில் பாதி தலையைத் துவட்டுவதிலேயே போகும். மீதி பத்து நிமிடத்தில் எட்டணா ஃபவுண்டேஷன், இரண்டு அரிசி கன்சீலர், பிளஷ், செங்கல் நிற லிப்ஸ்டிக். ஹோமப் புகையில் கண் கலங்கும் என்பதால் கீழே மையே இல்லை. தண்ணீர் பட்டுத் தோல் குளிர்ந்திருந்ததாலோ என்னவோ, எல்லாம் அப்படியே படிந்தது. 58 வயது அந்த அக்காவுக்கு. சிரிக்கும்போது கண்ணோரத்தில் கோடு விழத்தான் செய்தது, ஆனால் அதில் எதுவும் போய் உட்காரவில்லை.

பவுடர் டப்பாவை மட்டும் முந்தின நாளே அவர் மருமகளிடம் ஒப்படைத்துவிட்டிருந்தேன்.