பாவாடை நாடாவும் வெண்புள்ளியும்

வெண்புள்ளி உள்ளவர் வந்தால், நம் ஊர்த் தோல் மருத்துவர்கள் முகத்தையும் கையையும் பார்த்ததோடு நிற்பதில்லை, இடுப்பையும் பார்ப்பார்கள். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுகும் இடம், ஆண்களுக்கு பெல்ட்டோ அரைஞாண் கயிறோ உரசும் இடம். சிலருக்கு அங்கே வெள்ளை நிறம் வளையம் போட்டது மாதிரி படிந்திருக்கும். பிரா பட்டை, செருப்பு வார், மூக்குக் கண்ணாடி அழுந்தும் மூக்குத்தண்டு ஆகியவையும் இதே கணக்கில் வரும்.

இதற்குக் கோப்னர் விளைவு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் சொரியாசிஸ் என்ற செதில் படை நோயாளிகளிடம் இதைக் கவனித்தார். காயம் பட்ட இடத்திலெல்லாம் புதுப் படை கிளம்பியது. வெண்புள்ளிக்கும் இது பொருந்தும் என்பது பின்னால் தெரிந்தது.

நடப்பது என்ன? தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்பவை மெலனோசைட் செல்கள். மேல்தோலின் அடிவரிசையில் இருந்துகொண்டு, ஒவ்வொன்றும் சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்கு நிறம் வழங்கும். கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். செய்யும் மெலனினின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். வெண்புள்ளி வந்தவருக்கு, கிருமியைக் கொல்ல வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்களான டி-செல்களே இந்த மெலனோசைட்களைக் கொல்கின்றன. தோல் உரசும்போது மேல்தோல் செல்கள் ஆபத்து என்று ரசாயனக் குரல் கொடுக்கின்றன. டி-செல்கள் வந்து இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கின்றன. அதனால் தூண்டப்பட்ட தோல் செல்கள் இன்னும் அதிக டி-செல்களை அழைக்கின்றன. பிடிப்புத் தளர்ந்த மெலனோசைட்கள் உரசலில் கழன்றும் போகின்றன. இதில் கிருமி எதுவும் கிடையாது. ஆகவே ஒட்டுவதும் கிடையாது.

ஆக, மறைப்பதற்காக நாம் இறுக்கிக் கட்டும் துணியே சில உடம்புகளில் புள்ளியைப் பெருக்குகிறது. சென்னையின் ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் வியர்வையில் நனைந்த நாடா நாள் முழுக்க அறுத்துக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் பட்டை, தளர்வான பருத்தித் துணி, வீட்டுக்குள் முடிந்தவரை துணியில்லாமல் இருப்பது ஆகிய மூன்றுமே உரசலைக் குறைக்கும். மூன்றாவதைச் சொல்ல மருத்துவர்கள் கூச்சப்படுவார்கள். எனக்கு அப்படிக் கூச்சம் இல்லை.

போன நிறம் திரும்பி வருவது எப்படி என்பது இதைவிடச் சுவையானது. மேல்தோலில் மெலனோசைட் அழிந்தாலும், முடிக்கால்களுக்குள் அதன் மூலச்செல்கள் பிழைத்துக் கிடக்கும். 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிர் பட்டால் இரண்டு வேலை நடக்கிறது. டி-செல்கள் அடங்குகின்றன. மூலச்செல்கள் விழித்து, பெருகி, முடிக்கால் வழியே மேலேறி வருகின்றன. அதனால்தான் நிறம் திரும்பும்போது ஒவ்வொரு முடியைச் சுற்றியும் குட்டிக் குட்டிப் பழுப்புப் பொட்டுகளாகத் தோன்றும். முடியே இல்லாத விரல்நுனியிலும் உதட்டிலும் வைத்தியம் எளிதில் பலிக்காது. புள்ளிக்குள் முடியும் நரைத்துவிட்டால், கையிருப்பே தீர்ந்தது என்று பொருள். இந்த வைத்தியத்துக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கண்ணைக் காக்கும் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விளக்குக் கூண்டுக்குள் பெரும்பாலும் ஆடையின்றி நிற்க வேண்டும். பல மாதங்கள் பிடிக்கும்.

சென்னைக்கு இல்லாத வெயிலா, மொட்டை மாடியில் நின்றால் போதாதா என்று தோன்றும். போதாது. நம் ஊர்க் கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். மெலனின் இல்லாத தோல் அதில் சீக்கிரமே வெந்துவிடும். அந்தத் தீக்காயமே கோப்னர் விளைவைத் தூண்டலாம். கூண்டில் அளவு விநாடிக் கணக்கில் ஏற்றப்படுகிறது, சூரியனில் அப்படி ஏற்ற வழியில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியில் சோரலென் இருப்பது உண்மை. அது தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கும் பொருள். அரைத்துப் பூசிக்கொண்டு மாடி ஏறினால் கொப்புளம்தான் மிஞ்சும்.

1903இல் டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது, தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக. அதே காலத்தில்தான் ஜெர்மனியில் ஆடையைக் களைந்து காற்றிலும் வெயிலிலும் வாழும் இயக்கம் வேர்விட்டது. வெயில் எல்லா நோயையும் தீர்க்கும் என்ற அவர்களுடைய நம்பிக்கை மிகை. ஆனால் ஆடையின்றிப் பழகினால் உடம்பைப் பற்றிய கூச்சம் குறையும் என்ற இன்னொரு பலனுக்கு இப்போது ஆதாரம் சேர்கிறது.

அதற்கு முன் ஒரு பழைய சோதனை. 1980இல் அமெரிக்காவில் க்ளெக், ஸ்ட்ரென்டா என்ற உளவியலாளர்கள் சிலருக்கு முகத்தில் ஒப்பனையால் தழும்பு வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, தழும்பு காயாமல் இருக்க க்ரீம் தடவுகிறோம் என்று சொல்லி, அவர்களுக்குத் தெரியாமலே அதைத் துடைத்துவிட்டார்கள். சுத்தமான முகத்தோடு போய் இன்னொருவரிடம் பேசிவிட்டு வந்தவர்கள், எதிராளி இறுக்கமாக இருந்தார், தழும்பால்தான் அப்படி நடந்துகொண்டார் என்றார்கள். இல்லாத தழும்பு! எதிராளி இயல்பாகத் தலையைத் திருப்பியதைக்கூட மனம் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. 2000இல் தாமஸ் கிலோவிச் குழு கூச்சம் தரும் டி-ஷர்ட் ஒன்றை மாணவர்களுக்கு மாட்டி, ஆட்கள் நிறைந்த அறைக்குள் அனுப்பியது. ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று மாட்டியவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் நாலில் ஒருவருக்கும் குறைவு.

இதை வைத்துக்கொண்டு எல்லாம் உன் மனப்பிரமை என்று வெண்புள்ளிக்காரரிடம் சொன்னால் அது அநியாயம். தாம்பரம் மின்சார ரயிலில் எதிர் இருக்கைக்காரர் உற்றுப் பார்ப்பதும், எழுந்து வேறு இடம் போவதும் நடக்கிற காரியம்தான். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவதும் பிரமை இல்லை. ஆனால் உண்மையான பத்துப் பார்வையோடு மனம் கற்பித்த இருபதையும் சேர்த்துச் சுமப்பது தேவையற்ற பாரம். முழுக்கை போட்டு மறைத்துக்கொண்டே இருக்கும்வரை அந்த இருபதும் கற்பனை என்பது தெரியவே வராது. மறைத்ததால்தான் தப்பித்தேன் என்று மூளை முடிவு கட்டிக்கொள்ளும்.

லண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கியான் வெஸ்ட் ஆராய்ந்தது இந்த இடத்தைத்தான். ஆடையில்லாமல் கூடிப் பழகியவர்களுக்குத் தம் உடம்பின்மீது மதிப்பு கூடியது. அடுத்தவர் நம் உடம்பை எடைபோடுகிறார் என்ற பதற்றம் குறைந்ததே இதற்கு வழி என்று அவருடைய பிந்தைய ஆய்வு காட்டியது. இந்த ஆய்வுகளுக்கு வந்தவர்கள் தாமாக விரும்பி வந்தவர்கள், வெண்புள்ளிக்காரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. அந்த அளவுக்கே இதை நம்பலாம். எனக்குப் பிடித்த விளக்கம் எளிமையானது. தொப்பை, தழும்பு, பிரசவ வரிகள் எல்லாம் சேர்ந்து கண்ணில் படும் கூட்டத்தில், வெண்புள்ளி தனித்துத் தெரியும் தகுதியை இழந்துவிடும்.

சென்னையில் அப்படியொரு கடற்கரை கிடையாது. பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவாகும் ஆபாசச் செயல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவில் வரும். ஆனால் கதவைச் சாத்திய வீடு நம்முடையது. பக்கத்து ஃப்ளாட்டின் ஜன்னல் எதிரே இருந்தால் திரை மட்டும் தேவை. குளித்துவிட்டு அவசரமாக நைட்டியில் நுழையாமல் சிறிது நேரம் அப்படியே இருந்து பார்க்கலாம். அடுத்த படி, துணையோ அம்மாவோ வீட்டில் இருக்கும்போது கையில்லாத ரவிக்கை, பனியன். அதற்கடுத்தது நீச்சல் குளம், அதுவும் சாயங்கால வெயிலில், சன்ஸ்க்ரீன் தடவிக்கொண்டு. ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறும், ஓடிப்போய்த் துண்டைப் போர்த்தாமல் இருந்தால் இறங்கும். துண்டைப் போர்த்திவிட்டால் மறுநாள் அதே படியில்தான் நிற்க வேண்டும். குளத்தங்கரையில் யாராவது "ஏம்மா, இது ஒட்டிக்குமா?" என்று கேட்டால், "ஒட்டாது மாமி, நீங்க இறங்குங்க" என்பது போதும்.