மானியத்துக்கு முன்னால் டயரை எண்ணுங்கள்

சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். பழைய டயரை அரைத்துப் பொடியாக்கும் இயந்திரத்தின் விளம்பரத் தாளை மேசைமேல் விரித்தார். நாளொன்றுக்குப் பத்து டன் அரைக்குமாம். "மானியம் எவ்வளவு கிடைக்கும் சார்?" என்பதுதான் முதல் கேள்வி. சிறுதொழில்களுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தரும் எனக்கு அது பழகிப்போன கேள்வி. "தினமும் எத்தனை டயர் வரும்?" என்று திருப்பிக் கேட்டேன். "லாரிக்குப் பேர்போன ஊர் சார், டயருக்கா பஞ்சம்?" என்றார்.

கணக்குப் போட்டோம். லாரி டயர் ஒன்று சுமார் 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் பத்து டன்னுக்கு 200 டயர் வேண்டும். அதுவும் தினமும். நோட்டும் பேனாவுமாக இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கினோம். கட்டுமானம் குலையாத டயர், மேலே புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங்குக்குப் போய்விடுகிறது. மிச்சத்தை ரொக்கம் கொடுத்து அள்ளிக்கொண்டு போக ஏற்கெனவே ஆள் இருக்கிறது. தருகிறோம் என்று வாயால் சொன்னவர்களையெல்லாம் கூட்டியும் நாளுக்கு நாற்பது டயர் தேறவில்லை. இரண்டு டன்கூட இல்லை.

கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளர் துருவப்போவதும் இந்த இடத்தைத்தான். டயர் கடைக்காரர்களும் லாரி உரிமையாளர்களும் கையெழுத்திட்ட நான்கைந்து கடிதங்கள், இருபது பக்க விளம்பரத் தாளைவிட மதிப்புள்ளவை.

இனி மானியம். பி.எம்.இ.ஜி.பி. என்னும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் ரூபாய் வரை போகலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம். ஒரு பெண் 40 லட்சத்துக்குத் திட்டம் போட்டால் மானியம் 14 லட்சம். இந்தப் பதினான்கு லட்சம் கைக்கு வரும் என்று நம்பி இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வராது. அது வங்கியிலேயே மூன்று ஆண்டுகள் வைப்பாக இருந்து, தொழில் நடப்பதைச் சரிபார்த்த பிறகே கடனில் கழிக்கப்படும். கடனில் அந்தத் தொகை அளவுக்கு வட்டி போடமாட்டார்கள் என்பது மட்டும் உடனடி லாபம். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது.

இன்னொன்று, இது புதிய தொழிலுக்கு மட்டுமே. "முதலில் ஓட்டிப் பார்க்கிறேன், பிறகு விண்ணப்பிக்கலாம்" என்றால் வாசலிலேயே கதவு மூடிவிடும். பெரிய திட்டமென்றால் புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் இருக்கிறது: மானியம் 25 சதவீதம், அதன் உச்சவரம்பு 75 லட்சம். இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கொட்டகை எழுப்பிய பிறகு இடம் ஆகாது என்று தெரிந்தால் கொட்டகையும் போச்சு, கடனும் போச்சு. டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் தொழிலுக்கு நான் அறிக்கை எழுதுவதில்லை. புகை, நாற்றம், காற்றில் பறக்கும் கரித்தூள் என்று ஊரோடு சண்டை போட்டே காலம் போகும். அந்தத் தொழிலுக்காகக் கழிவு டயர் இறக்குமதி செய்வதை மத்திய அரசின் 2022ஆம் ஆண்டுக் கழிவு டயர் விதிகள் தடையே செய்துவிட்டன.

அதே விதிகள் மறுசுழற்சிக்காரருக்கு வேறொரு வரவைத் திறந்துவிட்டன. 2024-25 முதல் ஒவ்வோர் ஆண்டுக் கணக்கிலும், அதற்கு இரண்டு ஆண்டு முன்பு தயாரித்த முழு அளவுக்கும் டயர் நிறுவனங்கள் மறுசுழற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்த மறுசுழற்சிக்காரர்களிடமிருந்துதான் அதை விலைக்கு வாங்க முடியும். ஆனால் பில் இல்லாமல் வாங்கிய டயரை இந்தக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

சங்ககிரிக்காரர் சிறிய இயந்திரத்துக்கு இறங்கி வந்துவிட்டார். போன வாரம் வந்தபோது கையில் விளம்பரத் தாள் இல்லை. கடிதங்களையும் எடைமேடைச் சீட்டுகளையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி எடுத்து வந்திருந்தார். டயரிலிருந்து பிரியும் கம்பியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் அதையும் வரவில் காட்டலாமா என்று கேட்டார். காட்டலாம்.