ரிப்போர்ட்டில் இருக்கும் ‘நில்’

வடமராட்சியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர். சலரோகம் வந்து பன்னிரண்டு வருடம். பழைய ரிப்போர்ட்டுகளை வருடவாரியாக அடுக்கி, கோப்பில் போட்டு, மழை படாமல் பொலித்தீன் உறையும் போட்டு வைத்திருப்பார். போன வருடம் கிளினிக்கில் புதிதாக வந்த டொக்டர் சலத்தில் கசியும் அல்புமினை நுணுக்கமாக அளக்கும் ‘மைக்ரோ அல்புமின்’ சோதனையை எழுதிக் கொடுக்க, எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். முடிவு 180. இருக்க வேண்டியது 30க்குக் கீழே.

மாஸ்டர் கோப்பை விரித்தார். “தம்பி, எல்லாத்திலயும் அல்புமின் ‘நில்’ எண்டுதானே கிடக்கு. இப்ப மட்டும் எங்கால வந்தது?”

அவற்றில் மூன்று ரிப்போர்ட்டில் இருந்தது என் கையெழுத்து.

‘நில்’, அதாவது ‘இல்லை’, என்று நாங்கள் எழுதுவது பொய்யில்லை. சாதாரண சலப் பரிசோதனையில் ஒரு பட்டியைச் சலத்தில் தோய்த்து எடுக்கிறோம். அதில் ஒரு சின்ன மஞ்சள் சதுரம் இருக்கும். அல்புமின் என்ற புரதம் இருந்தால் பச்சையாக மாறும். ஆனால் ஒரு லீற்றர் சலத்தில் ஏறத்தாழ 150 முதல் 300 மில்லிகிராம் வரை இருந்தால்தான் அந்தச் சதுரம் மாறத் தொடங்கும். அதற்குக் குறைந்த கசிவு அதன் கண்ணில் படாது. போதாததற்கு, சலம் வருகுதில்லை என்று எங்கள் வாசலில் நின்றே ஒரு போத்தல் தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் பலர் மாதிரி தருகிறார்கள். இருக்கிற கொஞ்சமும் கரைந்துவிடும். ‘நில்’ என்றால் பட்டிக்குத் தெரியவில்லை என்பதுதான் பொருள்.

பனையில் கள் வடிக்கும் பன்னாடையை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய பன்னாடைகள். அவை அல்புமினைப் பெரும்பாலும் இரத்தத்திலேயே மறித்து வைக்கும். வருடக்கணக்காகச் சீனியும் பிரஷரும் ஏறி நின்றால் பன்னாடை நெகிழ்ந்து, துளித்துளியாகக் கசியும். அப்போது நோவில்லை, வீக்கமில்லை, சலத்தில் நுரையும் இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினினும் இரத்தத்தில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பலருக்குச் சிறுநீரகத்தின் பாதி வேலை போன பிறகுதான் அது எல்லை தாண்டும். மாஸ்டருக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

மைக்ரோ அல்புமின் சோதனையில் அல்புமினை மட்டும் பார்ப்பதில்லை, அதே சலத்திலுள்ள கிரியற்றினினோடு ஒப்பிட்டு விகிதம் போடுகிறோம். அதனால் தண்ணி கூடக் குடித்தாலும் கணக்கு அவ்வளவாகக் குழம்பாது. ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 முதல் 300 மில்லிகிராம் அல்புமின் வரை என்றால் ஆரம்பக் கசிவு, அதற்கு மேல் போனால் கடும் கசிவு. சில லாப்களில் அலகு வேறு. அங்கே 3 என்பதுதான் இங்கே 30. இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படக் கூடாது.

ஒருமுறை கூடினால் பதறவும் வேண்டாம். காய்ச்சல், சலக்கடுப்பு, மாதவிலக்கு, முதல் நாள் கடும் உடலுழைப்பு எல்லாம் அளவைக் கூட்டிவிடும். நல்லூர்த் திருவிழாவில் விடியப் பிரதட்டை செய்துவிட்டு நேரே சலம் கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் கூடியிருந்தால்தான் கசிவு என்று உறுதி செய்வார்கள்.

மாஸ்டருக்கு மறுமுறையும் கூடித்தான் இருந்தது. டொக்டர் லொசார்டன் தொடங்கினார், பிரஷரையும் கசிவையும் குறைக்கும் குளிசை அது. முழங்கால் நோவுக்கு அவர் பார்மசியில் தானாக வாங்கிப் போட்டுவந்த டைக்ளோபெனாக் என்ற, சிறுநீரகத்துக்கு ஆகாத நோக்குளிசையை நிற்பாட்டினார். (அந்தக் குளிசையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அவ்வளவு கோபம் இருக்கிறது.) அண்மையில் பார்த்தபோது 70.

கிட்னி என்றதும் எங்கள் ஆட்கள் உடனே தண்ணியைத்தான் குற்றம் சொல்வார்கள். பதவியாப் பக்கத்தில் காரணம் தெரியாமல் வரும் சிறுநீரக நோய், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணி என்று பேச்சு நீளும். அந்தக் கதைகள் ஒருபக்கம் இருக்கட்டும். பன்னிரண்டு வருடச் சீனி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாம் வகைச் சலரோகக்காரர் நோய் தெரிந்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். முதலாம் வகைக்காரர் ஐந்து வருடம் கழிந்ததும் தொடங்கலாம். கசிவே இல்லாமல் சிறுநீரகம் குறைந்துபோகிறவர்களும் உண்டு. ஆகவே இரத்தக் கிரியற்றினினையும் விடக் கூடாது. என்கால், கிம்-1 என்று சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் வேறு சில குறிகாட்டிகளைப் பற்றிப் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். அவை இன்னும் எங்கள் அன்றாட மேசைக்கு வரவில்லை.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சலம்தான் நல்லது. போன மாதம் மாஸ்டர் மறுபடி வந்தார், மனைவியின் சலத்தோடு. அவவுக்குச் சலரோகம் வந்து எட்டு வருடமாம். மைக்ரோ அல்புமின் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். கொண்டுவந்தது இருமல் பாணிப் போத்தலில், அடியில் பாணி இன்னும் ஒட்டியிருந்தது. சுத்தமான போத்தல் ஒன்றைக் கொடுத்து, அடுத்த நாள் விடியக் கொண்டுவரச் சொன்னேன்.