மாத்திரை போட்டும் ஏறாத ரத்தம்

எங்கள் கிளினிக்குக்கு வரும் தோட்டத்துப் பெண்கள் பலரின் கொப்பியில் ஒரே வரிதான் இருக்கும்: ரத்தக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை. பெரும்பாலும் அது சரிதான். சரியாக இல்லாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அட்டன் பக்கம், கொழுந்து எடுப்பவர். “பத்து வருசமா மாத்திரை போடுறேன் டொக்டர், ஏறவே மாட்டேங்குது.” ஹீமோகுளோபின் 10.8. ரிப்போர்ட்டில் எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே போனால் சிவப்பணுவின் சராசரி அளவு 64. 80க்கு மேல் இருக்க வேண்டியது. எண்ணிக்கையோ 54 இலட்சம். இரும்பு குறைந்தால் பொதுவாக எண்ணிக்கையும் குறையும். அணு சிறுத்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால், உடம்பு ஹீமோகுளோபினைப் போதிய அளவு உருவாக்க முடியாத பரம்பரை நோயான தலசீமியாவை நினைக்க வேண்டும். ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஏ2வின் அளவைப் பார்த்தோம், 5.2 சதவீதம். 3.5ஐத் தாண்டினாலே போதும், சந்தேகம் உறுதிதான். அவர் நோயாளி அல்ல, நோய்க்காவி: பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவர்.

எழும்பும்போதுதான் சொன்னார்: “மகளுக்குப் பேசி முடிச்சாச்சு. எங்க அண்ணன் மகன்தான்.” மறுபடி உட்கார வைத்தேன்.

சொந்தத்தில் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தங்கைக்கு இருப்பது அண்ணனுக்கும், அவர் வழியாக மகனுக்கும் இருக்கலாம். மகளும் மாப்பிள்ளையும் காவியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, பிள்ளை தலசீமியாவோடு பிறக்க. ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும், அதனால் உடம்பில் சேரும் இரும்பை மருந்தால் வெளியேற்ற வேண்டும். கருவிலேயே நோய் தெரிந்தாலும், இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. எனவே கேள்வியைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்பது நல்லது.

மகள் காவிதான். மாப்பிள்ளையிடம்தான் சிக்கல்: அணு அளவு 73, ஏ2 3.4. இரும்புக் குறைவு ஏ2வைக் கீழே இழுத்துக் காவியை மறைத்துவிடும். அப்போதுதான் அத்தை, மருமகன் இருவரின் மரபணுவையும் வாசிக்க அனுப்பினோம்.

இதற்குப் பயன்படுவது 1977இல் பிரெட்ரிக் சேங்கர் வெளியிட்ட முறை. டீ.என்.ஏ என்பது ஏ, சீ, ஜீ, டீ என்ற நான்கு வேதி எழுத்துகளின் வரிசை. அதைப் பிரதி எடுக்கும்போது ‘இதோடு நில்’ என்னும் எழுத்துகளைக் கலந்துவிடுவார்கள். வெவ்வேறு நீளத்தில் துண்டுகள் கிடைக்கும். ஸ்டோரில் தேயிலையைச் சல்லடை போட்டுத் தரம் பிரிப்பதுபோல, அவற்றை நீளவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கடைசி எழுத்தையும் நிறத்தால் வாசிப்பது. மனித டீ.என்.ஏவை வாசிக்க 1990இல் தொடங்கி 2003இல் முடிந்த மனித மரபணுத் திட்டத்துக்கும் இதுவே அடிப்படை. செலவு ஏறத்தாழ 270 கோடி டொலர். இன்றைய புதிய கருவிகள் 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளை ஆயிரம் டொலருக்குள் வாசித்துவிடும். புற்றுநோய்க்கு மருந்து தேர்வதிலும், மருந்துக்கு அடங்காத காசநோயைக் கண்டுபிடிப்பதிலும் அவை பெரிய உதவி.

“அப்ப முழுசாப் பார்த்திடலாமே” என்று மாப்பிள்ளை கேட்டார். பார்க்கலாம், பொருள் புரியாத மாற்றங்களும் கூடவே வந்து தூக்கத்தைக் கெடுக்கும். நமக்கு வேண்டிய, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணு சுமார் 1,600 எழுத்துதான்.

முடிவு வந்தது. அத்தைக்கு ஒரேயோர் எழுத்து, ஜீ இருக்க வேண்டிய இடத்தில் சீ. தெற்காசியாவில் அடிக்கடி காணப்படும் மாற்றம் அது. மருமகனுக்கு அந்த மாற்றமும் இல்லை, வேறு மாற்றமும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே இரும்புதான் குறைவு. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதை நிறுத்தச் சொன்னேன். அத்தையின் கொப்பியில் வெட்டிய மாத்திரையை அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.