வில்லூண்டி கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவது எப்படி?

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் அருகே கடலுக்குள் ஒரு கிணறு இருக்கிறது. கரையிலிருந்து சின்னப் பாலத்தில் நடந்துபோய் இறைத்துக் குடித்தால், நல்ல தண்ணீர். சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம். அந்த நினைவாக வருகிறவர்கள் இன்றும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். சுற்றிலும் உப்பு, நடுவில் மட்டும் எப்படி இது?

ஊறுவது கடல்நீர் அல்ல, மழைநீர். ஐப்பசி, கார்த்திகை மழை தீவின் மணலுக்குள்ளும் பவளச் சுண்ணாம்புப் பாறைக்குள்ளும் இறங்குகிறது. அடியில் ஏற்கெனவே கடல்நீர் ஊறிக் கிடக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம் என்றால், கடல்நீர் சுமார் 1025 கிராம். அதனால் மழைநீர் அதன்மேல் மிதக்கிறது. மணல் இடுக்குகளுக்குள் அலையடிப்பு கிடையாது என்பதால் இரண்டும் சட்டென்று கலந்துவிடுவதும் இல்லை.

எவ்வளவு ஆழத்துக்கு மிதக்கும்? 40 மீட்டர் கடல்நீரின் எடையும் 41 மீட்டர் நல்ல தண்ணீரின் எடையும் ஒன்று. ஆக, நிலத்தடி நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை இறங்கியிருக்கலாம். நெதர்லாந்தின் படோன் கெய்பன் 1880-களின் கடைசியிலும், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது. நிஜத்தில் இரண்டும் சந்திக்கும் இடம் கொஞ்சம் கலந்து, உவர்ப்பாக இருக்கும் என்பதால் இவ்வளவு ஆழம் கிடைப்பதில்லை.

மேலே நிற்கும் அந்தக் கொஞ்ச உயரம்தான் தண்ணீரைக் கடல் பக்கம் தள்ளுகிறது. கரையை நெருங்க நெருங்க நல்ல தண்ணீரின் அடுக்கு மெலிந்து, கடலோரத்தில் கசிந்து வெளியேறும். கடல் வற்றும் நேரத்தில் எதிர்ப்பு குறைவதால் கசிவு கூடும். அப்படி ஊறும் இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அடியை மட்டும் திறந்து விட்டால், பக்கவாட்டில் கடல் நுழையாது, கீழிருந்து ஊற்று மட்டும் மேலே வரும்.

இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பாரம் ஏற்றிய வள்ளத்தில் சரக்கை இறக்கினால் அடிப்பக்கம் மேலே எழும்புமல்லவா, அதேதான் இங்கும். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டம் வெறும் 10 சென்டிமீட்டர் இறங்கினாலே, கீழே உப்புநீர் காலப்போக்கில் 4 மீட்டர் ஏறிவரக்கூடும். குழாயின் நேர் அடியில் அது கூம்பு மாதிரி எழும்பும். நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டே குடம் கடல்நீர் சேர்ந்தால் போதும், லிட்டருக்கு சுமார் 0.7 கிராம் உப்பு கூடிவிடும். குடிநீரில் கரைந்த உப்புகள் மொத்தமே 0.5 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர அளவு. அப்புறம் மோட்டாரை நிறுத்தினாலும் உவர் உடனே இறங்காது, பல மழைக்காலம் ஆகும்.

தனுஷ்கோடி மணலில் ஊற்றுத் தோண்டுகிறவர்கள் ஆழமாகப் போவதில்லை. தண்ணீர் கசிந்ததும் நிறுத்திவிட்டு, ஊற ஊற அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். மேல் அடுக்கை மட்டும், அது ஊறும் வேகத்திலேயே எடுப்பதால், அடியில் இருக்கும் உப்பு அசைவதில்லை. கடலோரத் தோப்புகளுக்கும் இதுவே பொருந்தும்: ஒரே ஆழ்துளையில் உறிஞ்சுவதைவிட, ஆழமில்லாத உறைகிணறுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே சரி.