பசுங்கணிகம் வேறு, பச்சையம் வேறு

‘பச்சையத்தைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உள்ளன’ என்று ஒரு பாடக் காணொளியில் மீண்டும் கேட்க நேர்ந்தது. பச்சையம் ஒரு நிறமி. மூலக்கூறுக்குச் சவ்வு ஏது? சொல்ல வந்தது தாவரச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்பான குளோரோபிளாஸ்டை, சொன்னதோ பச்சையமாகிய குளோரோபிலை.

கிரேக்கத்தில் ‘குளோரோஸ்’ என்றால் இளம்பச்சை, ‘பிளாஸ்டோஸ்’ என்றால் உருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குளோரோபிளாஸ்டைப் பசுங்கணிகம் என்கின்றன, இலங்கையில் பச்சையவுருமணி. ‘உரு’ கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நிறமற்ற வெளிர்கணிகம், பிற நிறங்கள் கொண்ட வண்ணக்கணிகம் என்னும் உடன்பிறப்புகளோடு சேர்ந்து நிற்பதால் பசுங்கணிகமே என் தேர்வு. (அதையும் ‘பசுங்கனிகம்’ என்று எழுதிப் பழமாக்கிவிடுவோர் உண்டு.)

‘பச்சையம் என்றால் எல்லாருக்கும் புரிகிறதே, அதுவே போதாதா?’ என்பவர்கள் கீரையை அரைத்து ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டிப் பார்க்கட்டும். கிடைப்பது பச்சையம் கரைந்த நீர்மம். அதன்மேல் வலுவான ஒளியைப் பாய்ச்சிப் பக்கவாட்டில் பார்த்தால் செந்நிறமாக ஒளிரும். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒரு துளி சர்க்கரையும் அதில் உண்டாகாது. பிடித்த ஒளியை அது வீணே உமிழ்ந்துவிடுகிறது. பசுங்கணிகத்துக்குள்ளோ, தோசைகளை அடுக்கினாற்போல் கிடக்கும் தைலகாய்டு சவ்வுகளில் பச்சையம் பதிந்திருக்கிறது. அங்கே ஒளியின் ஆற்றலால் நீர் பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேற, அந்த அடுக்குகளைச் சூழ்ந்த ஸ்ட்ரோமா என்னும் நீர்மத்தில் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாகிறது. போதாததற்குப் பசுங்கணிகம் தனக்கென்று டிஎன்ஏவும் புரதம் செய்யும் ரைபோசோம்களும் வைத்திருக்கிறது. பட்டறை முழுவதற்கும் அதிலுள்ள ஒரு கருவியின் பெயரைச் சூட்டுவது எளிமையாகாது.

‘அப்படியானால் பச்சையத் துகள் என்போம்’ என்று சமரசம் பேசுவோரும் உண்டு. அது பழைய பிழை. 1837இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹியூகோ ஃபான் மோல் ‘குளோரோபில் மணிகள்’ என்றே இவற்றைக் குறித்தார். 1883இல் இன்னொரு ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷிம்பர் கணிகங்களை ஒரே குடும்பமாகக் கண்டு, பச்சை நிறத்தவற்றுக்குத் தனிப்பெயர் இட்டார். ஜெர்மன் மொழி 46 ஆண்டுகளில் விட்டொழித்த குழப்பத்தை, ‘குளோரோ’ என்ற முன்பாதியைக் கண்டதும் அகராதியை மூடிவிடும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் இன்றும் சுமக்கிறார்கள்.

ஹைட்ரில்லா என்னும் நீர்த்தாவரத்தின் இலையை நுண்ணோக்கியில் வைத்தால் செல் முழுதும் பச்சையாக இருப்பதில்லை. சில மைக்ரோமீட்டர் நீளமுள்ள பச்சை வில்லைகள் மட்டும் செல்சுவரை ஒட்டி ஊர்வதைக் காணலாம். ஊர்வது பசுங்கணிகம், அதற்கு நிறம் தருவது பச்சையம்.

தக்காளி பழுக்கையில் பச்சையம் சிதைந்து மறைகிறது. பசுங்கணிகமோ மறையாமல் வண்ணக்கணிகமாக மாறுகிறது. இரண்டுக்கும் பச்சையம் என்றே பெயர் வைப்பவர் இந்த ஒரு செய்தியை எப்படி எழுதுவார்?